ஒன்பதாவது விசில்

டிசம்பர் 5

இந்த நோட்டைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் தமிழ்ப் பற்று என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாளை மறுநாள் என் அண்ணன் ரோலண்ட் கிளேட்டன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இந்த வீட்டில் நான்கு வாரம் தங்கப்போகிறார். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இரண்டே அறை உள்ள வீட்டில் ஒரு நோட்டை ஒளித்துவைக்க வேறு வழியில்லை.

எழுதச் சொன்னது டாக்டர். ரத்த அழுத்தம் 160/100. மனசில் இருப்பதை எழுதினால் இறங்கும் என்றார். மனசில் ஒன்றும் இல்லை என்றேன். அப்படியானால் உப்பைக் குறையுங்கள் என்றார். எழுதுவது சுலபமாகப் பட்டது.

எங்கள் குடும்பம் பாட்டுக்காரக் குடும்பம். அப்பா பெர்சி கிளேட்டன் ஆங்கிலோ இந்தியர், கூட்ஸ் வண்டியில் கார்டு. யுத்த சமயத்தில் ஓர் அமெரிக்கச் சிப்பாய் விட்டுப்போன பேஞ்ஜோவை வைத்துக்கொண்டு, சிற்றலை ரேடியோவைக் கேட்டுக் கேட்டே புளூகிராஸ் கற்றுக்கொண்டவர். புளூகிராஸ் என்பது அமெரிக்க மலைநாட்டுச் சங்கீதம். டிரம்ஸ் கிடையாது. வெறும் தந்தி வாத்தியங்களை வைத்துக்கொண்டு, புறப்பட்டுவிட்ட ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் மாதிரி வாசிப்பார்கள். அம்மா சவரியம்மாள் லால்குடிப் பக்கம் நாற்று நட்டவர். ஒரு நாள் அப்பாவின் வண்டி சிக்னலுக்காக அவர் வயலருகே இரண்டு மணி நேரம் நின்றதன் விளைவு நாங்கள். அப்பா பேஞ்ஜோ, ரோலண்ட் கிட்டாரும் பாட்டும், நான் மேன்டலின். 'கோல்டன் ராக் ராம்ப்ளர்ஸ்' என்று பெயர். பொன்மலை ரயில்வே காலனியில் எங்கள் வாசிப்பில்லாமல் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. அப்பா இறந்தார். இருபத்தாறு வருடம் முன்னால் ரோலண்ட் பெர்த்துக்குப் போய்ப் புகழ்பெற்றார். நான் பொன்மலைப் பட்டறையில் பாய்லர் ஷாப்புக்குப் போய் ஓய்வுபெற்றேன்.

இப்போது ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுக்கு ஆண்டு விழாவாம். செயலாளர் மாணிக்கவேல் நோட்டீஸ் அடித்துக் கொண்டுவந்து காட்டினார். 'ஆஸ்திரேலியப் புகழ் ரோலண்ட் கிளேட்டன், டிசம்பர் 30' என்று பாதிப் பக்கத்துக்குப் படம். கீழே, மருந்து பாட்டிலில் காலாவதித் தேதி போடுகிற அளவில், 'மேன்டலின்: டெஸ்மண்ட்.'

பூதக்கண்ணாடி இருக்கிறவர்களுக்கு நான் தெரிவேன்.

டிசம்பர் 7

விமானம் சரியான நேரத்துக்கு வந்தது. மற்றதெல்லாம் இருபத்தாறு வருடம் தாமதம்.

தலை முழுக்க வெள்ளை. தொப்பி. தோளில் பழைய கிட்டார். கட்டிப்பிடித்துக்கொண்டார். பயணம் எப்படி என்று கேட்டேன். "மூணு சட்டைதான் கொண்டுவந்தேன், போதும்" என்றார். கேட்ட கேள்விக்கு அல்லாமல் தனக்குத் தோன்றிய கேள்விக்குப் பதில் சொல்வது புகழ்பெற்றவர்களின் வழக்கம் என்று தினத்தாளில் படித்திருக்கிறேன்.

ஆட்டோவில் நான் ஏறி உட்கார்ந்த பிறகு, என்னை இறங்கச் சொல்லி, இடது பக்கத்துக்கு மாறி உட்காரச் சொன்னார். இடது பக்கத்தில் வெயில். பொன்மலை வரும்வரை வெயிலில் வந்தேன்.

அமலி மீன்குழம்பு வைத்திருந்தாள். என் மனைவி அமலோற்பவம் முப்பது வருடம் ரயில்வே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். யாரிடமும் அளந்துதான் பேசுவாள். அவரிடம் மட்டும் முகத்துக்கு நேரே போய் நின்று, வாயைத் திறந்து திறந்து, "குழம்பு, இன்னும், கொஞ்சம்?" என்றாள். வெளிநாட்டு ஆள் என்றால் இவளுக்கும் ஒரு பவ்யம்.

டிசம்பர் 8

ரோலண்ட் மத்தியானம் தூங்கினார். அவர் போட்ட டிவி தூங்கவில்லை. எதிர்வீட்டிலிருந்து வந்து செய்தி நன்றாகக் கேட்கிறது, நன்றி என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

டிசம்பர் 10

ஞாயிறு பூசை. கோவில் வாசலில் எட்னா ஆண்ட்டி பின்னாலிருந்து "ரோலி, ரோலி" என்று கூப்பிட்டார். எண்பத்து நான்கு வயது. எங்கள் இருவருக்கும் பியானோவில் சுருதி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். ரோலண்ட் அவர்கள் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தார். ஆண்ட்டியின் கைத்தடி அப்படியே நின்றுவிட்டது. நான் போய் ஏதோ சமாளித்தேன். விமானத்தில் காது அடைத்துவிட்டது என்றேன். இவருக்காகப் பொய் சொல்வது எனக்குப் பழக்கப்பட்ட வேலை.

பிரஷர் 158/98. எழுதுவதில் பலன் தெரிகிறது.

டிசம்பர் 12

முதல் ஒத்திகை. முன்னறையில் நாற்காலிகளை ஓரம் தள்ளினேன். அண்ணன் கிட்டாரை எடுத்து, அதன் விளிம்பில் முகவாயைப் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு தந்தியாக மீட்டினார். பெர்த்தில் சுருதி சேர்ப்பது இப்படித்தான் போலிருக்கிறது. கிட்டாருக்கு முத்தம் கொடுத்தால் அதுவே சேர்ந்துகொள்ளும்.

சேரவில்லை. அரை சுருதி இறங்கி இருந்தது. சொன்னேன். "பழைய ஸ்டைல் மேன், அப்படித்தான்" என்றார். சரி, மலைநாட்டுக்காரர்களைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

வாசித்தோம். என் முகத்தையே பார்க்கவில்லை. முழு நேரமும் என் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தப்பு விடுகிறேனா என்று பரீட்சை. பாட்டு முடிந்து நான் நிறுத்திய பிறகும் நான்கு தாளம் வாசித்துக்கொண்டே போனார். கைதட்டலுக்கு நடுவே வாசித்துப் பழகியவருக்கு, அது இல்லாத இடத்தில் எங்கே முடிப்பது என்று தெரியாது.

கடைசியில் 'த கார்ட்ஸ் குட்பை' வாசிக்கலாம் என்றார். எது அது என்று கேட்டேன். வாசித்துக் காட்டினார். அம்மாவின் நடவுப் பாட்டு.

வரப்போரம் போற ரயிலு
வந்து நின்னா ஆகாதோ
நட்ட நாத்த எண்ணிப்புட்டு
நானும் ஏறக் கூடாதோ

இதைத்தான் அப்பா பேஞ்ஜோவில் வாசிப்பார். ஆஸ்திரேலியாவில் இது ஒரு ரயில்வே கார்டு தன் காதலிக்கு எழுதிய ஆங்கிலப் பாட்டாம். இசையும் சொல்லும் பெர்சி கிளேட்டன். இவருடைய இசைத்தட்டின் அட்டையிலேயே போட்டிருக்கிறது.

அத்தோடு ஒத்திகை முடிந்தது. மேன்டலினைத் துடைத்து உறையில் போட்டேன்.

டிசம்பர் 13

அமலி காய் நறுக்கிக்கொண்டே, "அவரக் கூப்பிடறதுன்னா முன்னாடி போய் நின்னு கூப்பிடுங்க" என்றாள்.

கலெக்டரா அவர் என்று கேட்டேன்.

அடுத்த காயை எடுத்தாள். வெண்டைக்காய் நறுக்குவதில் இத்தனை கவனம் தேவைப்படும் என்று எனக்குத் தெரியாது.

டிசம்பர் 16

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். டாக்டர் சந்தோஷப்படட்டும்.

சாயங்காலம் மூன்றாவது ஒத்திகை. அந்தப் பாட்டு வந்தது. மேடையில் அதைப் பாடும் முன் என்ன சொல்லப்போகிறார் என்பதை ரோலண்ட் எனக்குச் சொல்லிக்காட்டினார். அப்பா வண்டியின் கடைசிப் பெட்டியான பிரேக் வேனில் லாந்தர் வெளிச்சத்தில் உட்கார்ந்து இதை எழுதினார் என்று. அப்பா பிரேக் வேனில் தூங்குவார். அது காலனிக்கே தெரியும்.

ரோலண்ட் எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தில் அணிலைப் பார்த்தார். நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

பதினோரு வருடமாக உள்ளே கிடந்ததைச் சொன்னேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பத்தொன்பது நாளைச் சொன்னேன். ரோலி வர்றானா என்று தினமும் கேட்டதைச் சொன்னேன். ஆஸ்திரேலியாவிலிருந்தும் ரயிலில்தான் வர வேண்டும் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். எக்மோரில் ஏறிட்டான்மா என்று முதலில் சொல்லிவிட்டேன். அதன்பிறகு தினமும் எதையாவது சொல்ல வேண்டியிருந்தது. செங்கல்பட்டு தாண்டிட்டான், விழுப்புரம் வந்துட்டான், சிக்னல் கிடைக்கல, விருத்தாசலத்தில நிக்குது. உலகத்திலேயே மெதுவாக ஓடிய எக்ஸ்பிரஸ் அதுதான். கடைசி நாள் காலையில் ஸ்ரீரங்கம் வந்துட்டான்மா என்றேன். முகத்தைக் கழுவிவிடச் சொன்னாள். கழுவிவிட்டேன். மத்தியானம் போய்விட்டாள். பெர்த்திலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. கடையில் பேரைத் தப்பாக அடித்திருந்தான். சவரியம்மாளுக்குப் பதில் சவரிமுத்து.

இவ்வளவையும் சொன்னேன். கத்தவில்லை. எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது. சொல்லி முடித்துக் காத்திருந்தேன்.

ரோலண்ட் ஜன்னலைவிட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"டீ கிடைக்குமா?" என்றார்.

டிசம்பர் 17

முப்பதாம் தேதி நான் வாசிக்கவில்லை என்று மாணிக்கவேலிடம் சொல்லிவிட்டேன். நோட்டீசில் என் பெயரை அடிப்பதற்குப் பேனா தேவையில்லை, கட்டைவிரலால் மறைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன்.

டிசம்பர் 19

சாக்கடை அடைப்பு எடுத்தேன். கேக்குக்கு முந்திரி, திராட்சை, பழத்தோல் நறுக்கிக் கொடுத்தேன். ஸ்டார் கட்டினேன், எரியவில்லை, பல்பு மாற்றினேன். எட்னா ஆண்ட்டிக்கு மாத்திரை வாங்கிக்கொடுத்தேன். ரோலண்டும் நானும் பேசிக்கொள்ளவில்லை. நான் பேசவில்லை என்பது அவருக்குத் தெரிந்ததாகவும் தெரியவில்லை. பேசாமல் இருப்பதிலும் ஒருவனுக்கு மரியாதை கிடைக்கவில்லை என்றால் என்னதான் செய்வது?

மாணிக்கவேல் இரண்டு தடவை வந்தார். "அண்ணே, நீங்க இல்லாம அவரு மட்டும்னா எப்படிண்ணே" என்றார். புகழ் இருக்கிறதே என்றேன்.

டிசம்பர் 21

காலை பதினோரு மணி. அமலி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். போகும்போது ரோலண்டைச் சமையலறையில் குக்கருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, மூன்று விசில் வந்ததும் அணைத்துவிடச் சொல்லியிருக்கிறாள். பருப்பு. நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

மூன்று விசில் வந்தது. நான்கு, ஐந்து. இதைக்கூடச் செய்ய மாட்டாரா என்று ஆறாவதுக்கு எரிச்சல் வந்தது. அவர் அணைக்கட்டும் என்று வேண்டுமென்றே நின்றேன். ஏழு. எட்டு. தீய்ந்த வாசனை வந்தது. ஈரத் துண்டோடு உள்ளே ஓடினேன்.

ஒன்பதாவது விசில் நான் வாசற்படியில் கால்வைத்தபோது அடித்தது. ரோலண்ட் அடுப்புக்கு ஒரு முழ தூரத்தில் முக்காலியில் உட்கார்ந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தினத்தாளில் படம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த விசிலுக்குப் பக்கத்துவீட்டு நாய் குரைத்தது. அவன் தோள்கூட அசையவில்லை. ஒரு பக்கத்தைத் திருப்பினான்.

"ரோலி" என்றேன்.

கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை.

பிறகு அடுப்பை அணைத்தேன். என் கை தெரிந்ததும் நிமிர்ந்து பார்த்தான். "மூணு ஆயிருச்சா?" என்றான்.

ஆயிருச்சு என்று தலையாட்டினேன்.

டிசம்பர் 22

அமலியிடம் கேட்டேன். வந்த அன்றைக்கே தெரியும் என்றாள். முப்பது வருடம் போனில் மறுமுனையில் கேட்காதவர்களோடு மாரடித்தவளாம். ரோலண்டிடம் நேராகக் கேட்டிருக்கிறாள். என்னிடம் சொல்லக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டானாம். அதனால்தான் சொல்லும் வேலையைக் குக்கரிடம் விட்டுவிட்டாளாம்.

வலது காது ஆறு வருடம் முன்னால் போய்விட்டது. இடது காதில் கொஞ்சம் மிச்சம், அதுவும் இன்னும் ஒரு வருடமோ ஒன்றரை வருடமோதானாம். மெஷின் வைத்தால் பேச்சு கேட்கிறது, பாட்டு தகரக் கொட்டகையில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறதாம், கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டான். இரண்டு வருடமாக எங்கேயும் மேடை ஏறவில்லை. ஆஸ்திரேலியப் புகழ் இப்போது ஒரு சாமான் கிடங்கில் ஆணி, திருகு எடுத்துக்கொடுக்கிறது. கடைசியாக ஒரு தடவை இங்கே பாடிவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறான்.

ஏன் என்னிடம் மட்டும் சொல்லவில்லை என்றேன்.

"நீங்க பாய்லர் ஷாப்புல முப்பத்து மூணு வருஷம் இருந்தீங்க. அங்க பாதிப் பேருக்குக் காது கேக்காது. வேற யாராச்சும் இப்படி இருந்தா ஒரு நிமிஷத்துல கண்டுபுடிச்சிருப்பீங்க" என்றாள். "இவருகிட்ட மட்டும் உங்களுக்கு வேற காரணம் வேண்டியிருந்துச்சு."

எக்ஸ்சேஞ்சில் இவளுக்கு இவ்வளவு நீளமாகப் பேச அனுமதி இருந்ததா என்று விசாரிக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் குறித்துவைக்கிறேன். காது போனது ஆறு வருடம் முன்னால். அம்மா போனது பதினோரு வருடம் முன்னால். நடுவில் ஐந்து வருடம் அவனுக்கு எல்லாம் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

டிசம்பர் 23

காலையில் அவன் இடது பக்கம் போய், நாற்காலியை எதிரே இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு நீ வேப்பமரத்தைப் பார்த்தபோது பின்னால் நான் என்ன சொன்னேன் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, ஆனால் திரும்பியபோது உன் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன், அதனால்தான் டீ கேட்டேன் என்றான்.

எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னேன். முதல் தடவை ஆத்திரம் சொல்லிக்கொண்டு போனது. இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையையும் உதடு தெரிகிற மாதிரிச் சொல்ல வேண்டியிருந்தது. அப்படிச் சொல்லும்போது ஆத்திரம் நடுவழியில் களைத்துவிடுகிறது. அனுபவத்தில் சொல்கிறேன்.

ஸ்டேஷன் பெயர்கள் அவனுக்குப் பிடிபடவில்லை. "எந்த ஸ்டேஷன்? எழுது" என்றான். தினத்தாள் ஓரத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன். எக்மோர், செங்கல்பட்டு, விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர், லால்குடி, ஸ்ரீரங்கம். கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே விரல்வைத்துப் படித்தான். கார்டு மகன் அல்லவா, வரிசை சரியாக இருக்கிறதா என்று பார்த்திருப்பான். ஸ்ரீரங்கத்தில் விரல் நின்றது.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. வண்டி வரல."

தாளின் ஓரத்தை மட்டும் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பிறகு சொன்னதை அவன் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"நீ போன் பண்ணி சீரியஸ்னு சொன்னே. எனக்கு நாலு புரோகிராம் இருந்துச்சு மேன். முடிச்சிட்டுப் போலாம்னு இருந்தேன். அம்மா இருப்பாங்கன்னு நெனச்சேன். அப்புறம் அடக்கம் ஆயிருச்சுன்னு சொன்னே. இனிமே போயி என்னன்னு இருந்துட்டேன். அவ்வளவுதான் காரணம். பெரிய காரணமா ஒண்ணு சொல்லணும்னு பதினோரு வருஷமாத் தேடிப் பாத்தேன். இல்ல."

பாட்டு? அதையும் கேட்டேன்.

"கார்டு, லாந்தர், பேஞ்ஜோன்னா அங்க கை தட்டுவாங்க. நாத்து நட்ட அம்மான்னா, நாத்துன்னா என்னன்னு நான் முதல்ல விளக்கணும். சோம்பேறித்தனம்."

நான் மன்னிக்கவில்லை. இதைத் தெளிவாக எழுதிவைக்கிறேன், பிறகு யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மாணிக்கவேலிடம் போய் முப்பதாம் தேதி வாசிக்கிறேன் என்று சொன்னது வேறு விஷயம். நோட்டீஸ் ஏற்கெனவே அடித்தாகிவிட்டது. காகிதம் வீணாகக் கூடாது.

டிசம்பர் 25

கேக் அடியில் கருகிவிட்டது. ரோலண்ட் நான்கு துண்டு தின்றான்.

டிசம்பர் 27

பாய்லர் ஷாப்பில் இரும்புத் தகட்டில் ரிவெட் ஆணி அடிக்கும்போது காது பக்கத்தில் துப்பாக்கி வெடித்தாலும் கேட்காது. இரண்டு கையிலும் வேலை இருக்கும். அதனால் அங்கே பேச்சு முழுக்க முகவாயிலும் புருவத்திலும்தான். முகவாயை மேலே தூக்கினால் ஏற்று, புருவத்தைச் சுளித்தால் இறக்கு, கண்ணை மூடித் திறந்தால் நிறுத்து. பட்டறை எனக்குக் கொடுத்தது பென்ஷனும் இந்தப் பாஷையும்.

இதை ரோலண்டுக்குக் கற்றுக்கொடுத்தேன். முழங்காலோடு முழங்கால் முட்ட எதிரெதிரே உட்கார்ந்தோம். தாளத்தை என் முழங்காலிலிருந்து எடுத்துக்கொள்கிறான். ஸ்வரம் மாறும் இடத்தை என் முகத்திலிருந்து எடுத்துக்கொள்கிறான். கிட்டாருக்கு நானே சுருதி சேர்த்துக் கொடுத்துவிட்டேன். முதல் நாள் கேவலமாக இருந்தது. இன்று கேவலமாக இல்லை.

குரல்தான் சங்கடம். ஆரம்பிக்கும்போது சரியாக இருக்கிறான், இரண்டாவது அடியில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடுகிறான். இறங்குவது அவனுக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். அதனால் முகத்தை வைத்துக்கொள்ளப் பழகுகிறேன். அறுபத்தொரு வயதில் இது ஒரு பயிற்சி.

பக்கவாட்டில் உட்கார்ந்தால் சிறப்பு விருந்தினருக்கு உங்கள் முகம் தெரியாதே என்று மாணிக்கவேல் கவலைப்பட்டார். சிறப்பு விருந்தினர் பாக்கியசாலி என்றேன்.

டிசம்பர் 31

நேற்று நடந்தது.

இன்ஸ்டிட்யூட் நிறைந்துவிட்டது. நாற்காலி போதாமல் பள்ளிக்கூடத்திலிருந்து பெஞ்சு கொண்டுவந்து போட்டார்கள். வரவேற்புரை, முன்னிலை உரை, தலைமை உரை என்று ஒன்றரை மணி நேரம் போனது. ரோலண்ட் மட்டும் முகம் மலர ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த அரங்கில் அவன் ஒருவன்தான் கொடுத்துவைத்தவன்.

முதல் மூன்று பாட்டும் நன்றாகப் போயின. இரண்டு இடத்தில் அவன் முந்திக்கொண்டான், முழங்காலால் ஒரு இடி கொடுத்தேன், வந்துவிட்டான். முன்வரிசையில் எட்னா ஆண்ட்டி கைத்தடியால் தரையில் தட்டினார், அதுவும் தப்பான தாளத்தில். நல்லவேளை, அவனுக்குக் கேட்காது.

நான்காவது அந்தப் பாட்டு. ரோலண்ட் மைக்கைப் பிடித்தான். இருபத்தாறு வருடப் பழக்கம், வாய் தன்பாட்டுக்குப் போய்விட்டது. என் அப்பா, பிரேக் வேன், லாந்தர் வெளிச்சம். இங்கிலீஷில் சரளமாக வந்தது. பாதியில் அவனுக்கே தெரிந்துவிட்டது. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

நான் மேடையில் பேசியதே கிடையாது. நாற்பது வருடத்தில் மேன்டலினைத் தவிர மைக் முன்னால் எதையும் நீட்டியதில்லை. எழுந்து அவன் கையிலிருந்து மைக்கை வாங்கினேன்.

"அப்பா பிரேக் வேன்ல தூங்குவாரு" என்றேன். சிரித்தார்கள். "இது எங்க அம்மா பாட்டு. அவங்க பேரு சவரியம்மா. நடவுல பாடுவாங்க. அப்பா அதக் கேட்டு வாசிச்சாரு. நாங்க அதக் கேட்டு வாசிச்சோம்." மைக்கை அதன் ஸ்டாண்டில் வைத்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

நான் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்காது. என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். இங்கிலீஷ் வரிகளைவிட்டுவிட்டு, வரப்போரம் போற ரயிலு என்று தமிழிலேயே ஆரம்பித்தான். ஒத்திகையில் அப்படி இல்லை.

இரண்டாவது அடியில் இறங்க ஆரம்பித்தான். மூன்றாவதில் முழுசாக அரை சுருதி கீழே. அவன் கையிலிருக்கும் கிட்டார் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். கூட்டத்தில் சிலர் நெளிந்தார்கள். முகவாயைத் தூக்கலாம், மேலே வா என்று சொல்லலாம். அதற்குத்தானே இத்தனை நாள் பயிற்சி. அவன் கண் என் முகத்தைவிட்டு அகலவில்லை. தப்பா, சரியா என்று கேட்டுக்கொண்டே பாடினான்.

கண்ணை மூடித் திறந்தேன். கிட்டாரை நிறுத்திவிட்டான். பாட்டையும் நிறுத்தப்போனான். இல்லை, பாடு என்று தலையாட்டினேன். நான் மேன்டலினில் அரை சுருதி கீழே இறங்கி, அவன் குரல் எங்கே இருந்ததோ அங்கே போய் வாசித்தேன். கொஞ்ச தூரம் போய் அவன் இன்னும் இறங்கினான். நானும் இறங்கினேன். அம்மா வயலில் எந்த சுருதியில் பாடினாள் என்று யாரும் பார்த்ததில்லை. கடைசி அடியை மூன்று தடவை பாடினான். முடிந்தபோது இரண்டு பேரும் எந்த ஸ்வரத்தில் இருந்தோம் என்று இப்போதுகூட என்னால் சொல்ல முடியாது. ஒரே ஸ்வரத்தில் இருந்தோம்.

கைதட்டல் அவனுக்குத் தெரியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தோளைத் தொட்டுக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டேன்.

அமலி அழுதாளா என்று கேட்டேன். கண்ணில் தூசி என்றாள். இன்ஸ்டிட்யூட்டில் பெருக்குவதே இல்லை போலிருக்கிறது, எனக்கும் விழுந்தது.

ஜனவரி 4

ரோலண்ட் போய்விட்டான். விமானநிலையத்தில் மெஷினை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். பேச்சாவது ஒழுங்காகக் கேட்கட்டும் என்றான். நான் வாசலில் நின்று அரைமணி நேரம் பேசினேன். பெரும்பாலும் வேப்பமர அணிலைப் பற்றி.

மலர்வளையத்தில் பேர் தப்பாக வந்தது இப்போதுதான் தெரியும், கடைக்காரனிடம் தமிழில் எழுதிக்கொடுக்க வராமல் போனில் சொன்னேன் என்றான். சரி என்றேன். கல்லறையில் சரியாகத்தான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பார்த்தாயே என்றேன்.

வீட்டில் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன். பிறகு அமலி வந்து, எதுக்கு இவ்வளவு சின்னதா வெச்சிருக்கீங்க என்று கூட்டிவைத்தாள்.

பிரஷர் 140/86. டாக்டர் உப்பைக் குறைத்தீர்களா என்றார். ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 20

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தேன். அமலிக்கு இந்த வயதில் கங்காருவைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அவளிடம் கேட்டால் இல்லை என்பாள், அவள் சுபாவம் அப்படி.

விசாரணைக்கு இன்று போலீஸ்காரர் வந்தார். இளவயதுக்காரர், ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் நிதானமாக நிரப்பினார். பெயர், பிறந்த தேதி, வழக்கு ஏதாவது உண்டா, அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் சாட்சி. எதிர்வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெரியவர் மறுபடியும் வருகிறாரா, டிவி இல்லாமல் போரடிக்கிறது என்று கேட்டார்.

எழுதி முடித்துவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே, ஆஸ்திரேலியாவில் யார் இருக்கிறார்கள் என்று போலீஸ்காரர் கேட்டார். அண்ணன் என்றேன்.

"அங்க என்ன பண்றாருங்க?"

ஆணி, திருகு, கிடங்கு எல்லாம் நாக்கின் நுனிவரை வந்தது. போலீஸ்காரரிடம் பொய் சொல்வது குற்றம் என்பதும் எனக்குத் தெரியும்.

"பாடறாரு" என்றேன்.

"நீங்க?"

"கூட வாசிக்கிறேன்."

அவர் அதை எங்கும் எழுதிக்கொள்ளவில்லை. அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.